பிரிக்காத பெட்டிக்குக் கையெழுத்து இல்லை

அவர் எங்கள் ஊராட்சிக்கு முதன்முதலில் வந்த அன்று லாரிக்குத் தேங்காய் உடைத்திருந்தோம்.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய சின்னக் குடியிருப்பு அது. அறுபது வீடுகள் இருக்கும். அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டு, பக்கத்திலேயே உயரமாகத் தொட்டியும் கட்டி வெகுநாள் ஆகியிருந்தது. கிணறும் தொட்டியும் ஒரு திட்டம். மின்கம்பி இழுப்பது இன்னொரு திட்டம். அந்த இரண்டாவது திட்டம் வரவே இல்லை. பெண்கள் கழனிக் கிணற்றில் மோட்டார் ஓடும் நேரம் பார்த்து, வரப்பில் நடந்துபோய்க் குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். கடைசியில், வெயிலிலேயே ஓடும் சோலார் பம்பு தருகிறோம் என்று ஆணை வந்தது. அந்த ஊராட்சிக்கு நான் செயலர். ஆணையை கிராம சபையில் மைக் பிடித்துப் படித்தது நான்தான்.

சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வாலாஜாபாத்திலிருந்து ஏ.இ. என்கிற உதவிப் பொறியாளர் ஒருவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ஜீப்பை எதிர்பார்த்து நின்றோம். அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். தோளில் ஒரு ரெக்சின் பை. வேர்வையைக்கூடத் துடைக்காமல், கம்பெனிக்காரன் பாஸ்கரைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாப் பொட்டியும் எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு சார். நீங்க கையெழுத்து போட்டா நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிடலாம்."

"பிரிங்க."

"எத சார்?"

"எல்லாத்தையும்."

பாஸ்கர் சிரித்தான். ஊராட்சித் தலைவரும் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து மண்ணில் விரித்து, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் பெட்டியைத் தானே இழுத்து ஒட்டுத்தாளைக் கிழித்தார். சோலார் பலகைகளின் பின்னால் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கையிலிருந்த பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். அவற்றைத் தாங்கும் சட்டங்களின் கனத்தை அளந்தார். வெயில் ஏற ஏறக் கூட்டம் கலைந்தது. தலைவர் காரில் ஏறிப் போய்விட்டார். மூன்று மணிக்கு போல்ட்டுப் பெட்டியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து ஒரு போல்ட்டின் மேல் வைத்தார். தூக்கினார். போல்ட்டும் கூடவே வந்தது.

"ஒட்டுது," என்றார்.

"ஒட்டினா இன்னா சார்?"

"டெண்டர்ல போட்டுகீறது துருப்பிடிக்காத எஃகு. அது இப்படிப் புடிச்சிக்கினு வராது. இது சாதா இரும்புக்கு முலாம் பூசனது. ஏரிக்காத்து அடிக்கிற எடம். ரெண்டு மழைல பூச்சு போயிடும். அப்பால ஒரு காத்துக்குப் பலகை பறந்துபோய் எவன் தலைல வுயுமோ."

ஏற்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நேரமும் போட்டார். பிறகு நடந்தே மெயின் ரோட்டுக்குப் போனார். நான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம் மேடம், பழக்கம்தான்," என்றார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எதுவும் வரவில்லை. போல்ட்டுக்கா நான்கு மாதம் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அவரிடமே நான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நாற்பது ஊருக்கும் சேர்த்து ஒரே டெண்டர். இருப்பதில் குறைந்த விலை சொன்ன கம்பெனிக்குக் கிடைத்தது. அந்த விலைக்கு அவர்களால் செய்ய முடியாது. அது அவர்களுக்கே தெரியும். அதனால் வேறொருவருக்குக் கைமாற்றினார்கள். அவர் இன்னொருவருக்கு. கடைசியாகக் கைக்கு வந்தது பாஸ்கரின் முதலாளிக்கு. அவனுக்கு மிஞ்சுவது போல்ட்டில் மட்டும்தான்.

"அவனையும் குத்தம் சொல்ல முடியாது மேடம். நல்ல போல்ட்டு வாங்கினா அவன் வூட்டுக்குக் கைக்காசு போட்டுக்கினு போவணும்."

"அப்ப யார சார் குத்தம் சொல்றது?"

"எனக்குத் தெரியாது. என் வேலை பொட்டியப் பிரிச்சிப் பாக்கறது."

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பழக்கம் அவரை எங்கேயும் விடவில்லை. எங்கள் ஊர்க் கடையில் ஒரு தடவை பிஸ்கட் வாங்கினார். பின்பக்கம் திருப்பி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்த் தேதியைப் படித்து, "இது போன மாசமே முடிஞ்சிடிச்சிப்பா," என்று திருப்பி வைத்தார். அதோடு நிற்கவில்லை. அடுக்கில் இருந்த மற்ற பாக்கெட்டுகளையும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். கடைக்காரர் அவற்றை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, "நீ வேற கடையப் பாரு சார்," என்றார். எங்கள் ஊரில் வேறு கடை கிடையாது. அதற்குப் பிறகு அவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து, பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் நின்று தனியாகக் குடிப்பார். தாமல் பக்கம் ஒரு ஊரில், தெருவிளக்குக் கம்பங்களை மழையில் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக நாடா வைத்து அளந்தாராம். அன்று லாரிக்காரர்கள் அவரை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏழு கிலோமீட்டர் நனைந்துகொண்டே நடந்தார் என்று பாஸ்கர் சொல்லிச் சிரித்தான். யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு மனிதர் ஆவதற்கு ஏதோ ஒன்று நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஆபீஸில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டுவிட்டேன்.

"முன்ன எப்பவாச்சும் பாக்காம கையெழுத்து போட்டு, ஏதாவது ஆயிடுச்சா சார்?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எல்லாரும் இதையே கேக்கறாங்க. ஒன்னுமே ஆவல மேடம். ஆனாதான் பாக்கணுமா?"

பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு, கேட்காமலே மகளைப் பற்றிச் சொன்னார். ஒரே மகள். மனைவி இறந்த பிறகு அவரே வளர்த்த பெண். காஞ்சிபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அசல் ஜரிகை என்று சபையில் சொன்னார்கள். இவர் முந்தானை ஓரத்தைத் தூக்கி, ஒரு இழையை உருவி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அசல்னா உள்ள செவப்புப் பட்டு நூலு இருக்கும். இதுல செம்புக் கம்பிதான் இருந்துது. சொன்னேன். நான் பொய் சொல்லல. உங்க வூட்டுல நெசவுதானே மேடம், நீங்க சொல்லுங்க. ஜரிகைய தொட்டுப் பாத்தா தெரியுமா, தெரியாதா?"

என் அப்பா நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். எனக்கும் பன்னிரண்டு வயதிலேயே தெரியும்.

"தெரியும் சார். ஆனா கல்யாணத்தன்னிக்குத் தொட மாட்டோம்."

அவர் தலையை ஆட்டினார். அதைப் பற்றி யோசிப்பது போல இருந்தது. கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் மகள் அதற்குப் பிறகு வாலாஜாபாத் வீட்டுக்கு வந்ததே இல்லை. பேரன் பிறந்ததை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். அதைச் சொன்னபோதும் குரல் மாறவில்லை. பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடி, அது சரியாக மூடியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார்.

பிப்ரவரியில் புது போல்ட்டுகளும் கனமான சட்டங்களும் வந்தன. கூடவே பம்பும், அதை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் வந்தன. இந்த முறையும் அவர் துண்டை விரித்தார். பிரித்தார். ஒட்டவில்லை. எல்லாமே பட்டியலில் இருந்தபடி இருந்தது. பாஸ்கருக்கே நம்ப முடியவில்லை. பத்து நாளில் ஏரிக்கரையில் பலகைகள் வரிசையாக எழுந்து நின்றன. கருநீலமாக, பளபளவென்று. குடியிருப்பே திரண்டு வந்து பார்த்தது.

செல்வி என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவள் வீடு தொட்டிக்கு நேர் எதிரே. வருடக்கணக்காகக் குடம் தூக்கி வலது தோள் இறங்கிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அன்று அவள் காலையிலேயே மூன்று குடங்களைத் தேய்த்துக் குழாயடியில் வரிசையாக வைத்திருந்தாள்.

பாஸ்கர் பொத்தானை அழுத்தினான். கிணற்றுக்குள் மோட்டார் ஒரு முறை உறுமியது. நின்றுவிட்டது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி உறுமி நின்றது. மதியம் வரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

விஷயம் இதுதான். பம்பு ஒரு டெண்டரில் வாங்கியது. கன்ட்ரோலரும் பலகைகளும் இன்னொரு டெண்டரில் வாங்கியவை. தனித்தனியாக வாங்கினால் இரண்டிலும் குறைந்த விலை கிடைக்கும் என்று மேலே யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு காகிதத்திலும் ஐந்து குதிரைத்திறன் என்று இருந்தது. இரண்டும் ஐந்து குதிரைத்திறன்தான். ஆனால் அந்த மோட்டாரின் பாஷை இந்தக் கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஒரு கம்பெனியின் மோட்டாருக்கு அதே கம்பெனியின் கன்ட்ரோலர்தான் வேண்டும் என்று இரண்டு காகிதத்திலும் எழுதவில்லை.

பாஸ்கர் படிவத்தை நீட்டினான்.

"சார், பேப்பர்ல கீறது பொட்டில கீது. நீங்களே பிரிச்சிப் பாத்தீங்க. எங்க வேலை முடிஞ்சிச்சி. கையெழுத்து போடுங்க."

அவர் படிவத்தை வாங்கிப் படித்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். சப்ளை சரியா, ஆம். எண்ணிக்கை சரியா, ஆம். பொருத்தியது சரியா, ஆம். தண்ணீர் வந்ததா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்கப் பெட்டியில் இருப்பது காகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தவர். அன்று எல்லாமே பொருந்தியது. தண்ணீர்தான் வரவில்லை.

"தண்ணி ஏறட்டும், போடறேன்," என்றார்.

"அது உங்க ரூல்லயே இல்லியே சார்."

"இல்ல. ஆனாலும் போட மாட்டேன்."

செல்வி காலியான மூன்று குடங்களையும் தூக்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"யோவ், மொதல்ல போல்ட்டு ஒட்டுதுன்னே. இப்ப இன்னா ஒட்டலன்ற? நீ கையெழுத்து போட்டாதான் அப்பால ரிப்பேருக்கு ஆளு வருவான்னு இவன் சொல்றான். நீ போட மாட்டேன்ற. உனுக்கு இன்னா, சாயங்காலம் பஸ் ஏறி வூட்டுக்குப் போயி கொயாயத் தொறப்ப."

"அம்மா, போட்டுட்டா ஒருத்தனும் திரும்பி வர மாட்டான்."

"இப்ப மட்டும் எவன் வந்தான்?"

அவள் வரப்பில் இறங்கிக் கழனிக் கிணற்றை நோக்கி நடந்தாள். அவள் போகிற வரை அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சுக்குள் முடித்துக் காட்டாவிட்டால் திட்டப் பணம் திரும்பிப் போய்விடும் என்று மேலே இருந்து போன் மேல் போன் வந்தது. அவர் கடிதம் எழுதினார். மோட்டாரையும் கன்ட்ரோலரையும் சேர்த்து ஒருவரிடமே வாங்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் ஏறிய பிறகே முடிந்தது என்று எழுத வேண்டும் என்று. ஒரு கடிதம் அல்ல, வாரத்துக்கு ஒன்று. பதில் வரவில்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாள மாத்தினாதாம்மா ஊருக்கு விமோசனம். ஒரு தீர்மானம் எழுது. நல்லா அழுத்தமா எழுது."

நான் எழுதினேன். உதவிப் பொறியாளரின் தேவையற்ற கால தாமதத்தால் பொதுமக்கள் குடிநீரின்றி அவதியுறுகின்றனர், அவரை உடனடியாக மாற்றிட வேண்டுகிறோம் என்று. அவர் ஒவ்வொரு தடவை வந்த தேதியும் என்னிடம் இருந்தது. அத்தனையையும் வரிசையாகப் போட்டேன். செல்விதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். என் எழுத்து அழகாக இருக்கும் என்று தலைவர் எப்போதும் சொல்வார். அன்றும் சொன்னார். எனக்கு உண்மை தெரியும். கன்ட்ரோலர் ஓடாதது அவரால் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேலையில் பிரச்சினை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். அதற்கு மேல் அதற்குக் காரணம் எதுவும் கிடையாது.

அவருக்கு மெமோ போயிற்று. அவர் கொடுத்த விளக்கத்தின் நகல் எங்கள் ஆபீஸுக்கும் வந்தது. இரண்டே வரி. "தாமதம் என்னால் ஏற்பட்டது. தண்ணீர் வராதது என்னால் ஏற்பட்டதல்ல."

பத்து நாளில் மாறுதல் உத்தரவு வந்தது. எங்கேயோ ஒரு கிடங்கில் பழைய சாமான்களுக்குப் பொறுப்பு. போவதற்கு முன் ஆபீஸுக்கு வந்து கன்ட்ரோலர் பெட்டியின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் தலை நிமிரவில்லை. "வரேன் மேடம்," என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் நடந்துபோனார். வழியில் இருந்த யாரும் அவரோடு பேசவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் ஜீப்பில் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே கையெழுத்துப் போட்டார். மார்ச் கடைசியில் திறப்பு விழா நடந்தது. முதல் நாளே டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து, பாஸ்கர் ஆட்களை விட்டுத் தொட்டியை நிரப்பினான். மாலை, மைக், நாற்காலி. பெரியவர்கள் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. கைதட்டினார்கள். செல்வி நிரப்பிய முதல் குடத்தைப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் மத்தியானத்தோடு தொட்டி காலி.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கம்பெனியின் நம்பர் கொஞ்ச நாள் அடித்தது, பிறகு அடிக்கவில்லை. மேலே கேட்டால், பணி முடிந்தது என்று கம்ப்யூட்டரில் காட்டுகிறது என்றார்கள். முடிந்த பணிக்கு மறுபடி எப்படி ஆள் அனுப்புவது. இரண்டு கோடை போயிற்று. குடியிருப்பில் நான்கைந்து குடும்பங்கள் வாலாஜாபாத் பக்கம் ரைஸ் மில் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டன. செல்வி வரப்பிலேயே நடந்தாள். என்னைப் பார்க்கும்போது எதுவும் கேட்க மாட்டாள். கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் எழுதி, அவள் கையெழுத்துப் போட்டு, அவரை அனுப்பிவிட்டிருந்தோம்.

மூன்றாவது வருடம் பழுதான சோலார் பம்புகளைச் சரிசெய்யப் புதிதாக ஒரு டெண்டர் வந்தது. நகல் என் மேஜைக்கு வந்தபோது சாதாரணமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். மோட்டாரும் கன்ட்ரோலரும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கப்பட வேண்டும். விலை மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது. தொட்டியில் தண்ணீர் ஏறியதை நேரில் பார்த்த பிறகே பணி முடிந்ததாகக் கருதப்படும். பக்கத்தில் நிற்பது போல அவர் குரல் கேட்டது. மாவட்ட ஆபீஸில் எனக்குத் தெரிந்த பெண்ணுக்குப் போன் செய்து, இதை யார் எழுதினார்கள் என்று கேட்டேன்.

"யாரும் புதுசா எழுதலக்கா. ஆடிட்டுல நாப்பது ஊரு கேஸும் மாட்டிக்கிச்சி. அப்ப ஃபைல தேடினா, ஒரு பழைய ஏ.இ. எழுதின லெட்டருங்க கட்டா இருந்துச்சி. அதுல இருந்து அப்படியே எடுத்துப் போட்டுட்டாங்க. அவரு ரிட்டயர்டு ஆயிட்டாருன்னு நெனைக்கிறேன்."

ஆறு வாரத்தில் எங்கள் பம்பு ஓடியது. விழா எதுவும் வைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டி நிரம்பி வழிந்தது. குழந்தைகள் அதன் கீழே நின்று நனைந்தார்கள்.

அன்று செல்வியின் வீட்டு வாசலில் நின்று அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்த பொட்டி பிரிக்கிற ஆளா?"

"ஆமா."

"நாம அந்தாளு மேலதானே எய்திக் குடுத்தோம்?"

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"நான்தான் மொதக் கையெழுத்து போட்டேன்." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உயிரோட கீறாராக்கா? இருந்தா இட்டுக்கினு வா. ஒருவேளை சோறு போடறேன்."

வாலாஜாபாத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டவ். சுவரில் பேரனின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. போனில் வந்ததைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டிருப்பார் போல, முகம் கலங்கலாகத் தெரிந்தது. என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். ரொம்பவும் மெலிந்திருந்தார். நான் தண்ணீர் வந்ததைச் சொன்னேன்.

"யாரு கையெழுத்து போட்டது?"

"புதுசா ஒரு பொண்ணு வந்துகீது சார். சின்னப் பொண்ணு."

"பிரிச்சிப் பாத்துதா?"

"எல்லாத்தையும் பாத்துது. தண்ணி மேல ஏறி வழியற வரைக்கும் இருந்துட்டுப் போச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொல்ல வந்ததை அப்போதுதான் சொல்ல முடிந்தது.

"சார், அந்தத் தீர்மானம் நான் எழுதினது."

"தெரியும் மேடம். நகல் எனக்கும் குடுத்தாங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? தேதியெல்லாம் ஒத்துப் பாத்தேன். ஒன்னுகூட தப்பில்ல."

"தேதி சரி சார். சொன்னது பொய்யி."

"தாமதம் என்னாலதானே ஆச்சி. அது பொய் இல்ல." சுவரில் சாய்ந்துகொண்டு, "அந்தம்மா காலிக் கொடத்தோட போனாங்களே. அதுக்கு இன்னா பதில் சொல்லியிருக்கணும்னு இன்னும் யோசிச்சிக்கினுதான் கீறேன்," என்றார்.

செல்வி சாப்பிடக் கூப்பிட்டதைச் சொன்னேன். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைக்கி?"

"ஞாயித்துக்கெழம சார்."

"இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா?"

அந்த வாரத்தில் மூன்று தடவை போன் செய்தார். ஒருமுறை பஸ் நேரம் கேட்க. ஒருமுறை, அந்த வீட்டில் எத்தனை பேர், என்ன வாங்கி வரலாம் என்று கேட்க. சனிக்கிழமை செய்தது எதற்கு என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குதானே மேடம்?" என்றார்.

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான் பத்தரைக்குப் போனேன். அவர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. மடியில் ஆரஞ்சுப் பழம் ஒரு பை. எப்போது வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "எட்டரைக்கே வந்துட்டேன். பஸ்ஸு லேட் ஆயிடிச்சின்னா," என்றார்.

செல்வி பாய் விரித்து வைத்திருந்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை. அவர் இலையை எதுவும் ஆராயவில்லை. குனிந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் பழையதைப் பேசவில்லை. செல்வி எதிரே குந்தி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவரை நாங்கள் சார் என்றோம், ஏ.இ. என்றோம், முதுகுக்குப் பின்னால் வேறு என்னென்னவோ சொன்னோம். தீர்மானத்தில்கூடப் பதவியைத்தான் எழுதினேன்.

"உங்க பேரு இன்னா?" என்று செல்வி கேட்டாள்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

அவள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதோடு அண்ணா என்று சேர்த்துக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். இலைமேல் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.